அம்மா போன், பிள்ளை கை

குழந்தைகளின் இணையப் பாதுகாப்பைப் பற்றி வெளிநாட்டில் எழுதப்படும் கையேடுகளைப் புரட்டினால், பிள்ளைக்கென்று தனியாக ஒரு டேப்லெட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுகின்றன. நம்மூரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் போன். அம்மா சமைக்கும் நேரத்தில் அது கைமாறும். அப்பா வேலையிலிருந்து வந்து முகம் கழுவப் போகும்போது அவருடைய போனும் கைமாறும். அந்தப் போனில் வீட்டின் பணம் இருக்கிறது, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, அலுவலகக் கோப்புகள் இருக்கின்றன, முந்தைய இரவு தூக்கம் வராமல் அம்மா தள்ளித் தள்ளிப் பார்த்த வீடியோக்களின் வரலாறும் இருக்கிறது. அந்தப் போனைப் பொறுத்தவரை, திரையைத் தொட்டுக்கொண்டிருப்பவர் முப்பத்திரண்டு வயதுப் பெண். ஏழு வயதுக் குழந்தை என்று அதற்குச் சொன்னவர் யாருமில்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை பிள்ளைக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் வேலைகளில் பெரும்பகுதி பெரியவர்களுக்கு. பிள்ளையிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: திரையில் என்னவோ சரியில்லை என்று பட்டால் உடனே வந்து சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் பிள்ளை வந்து சொன்ன மறுநிமிடம் போனைப் பிடுங்கி வைக்கும் வீட்டில் அது நடக்கவே நடக்காது.

“போனே கொடுக்காதீர்கள்” என்ற அறிவுரையைச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போயிருப்பார்கள். 2020 ஊரடங்கு காலத்தில் வகுப்பறையே போனுக்குள் வந்தது. அதன் பிறகு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் பல பள்ளிகளில் அப்படியே தங்கிவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறந்தால் பாடத்தின் ஓரத்திலேயே க்யூஆர் கட்டம் இருக்கிறது. கொடுக்காமல் இருக்க முடிந்தவர்கள் தாராளமாக அப்படியே இருங்கள். மற்றவர்களுக்காகத்தான் இது.

பூட்டிக் கொடுப்பது

ஆண்ட்ராய்டு போன்களில் ‘ஆப் பின்னிங்’ அல்லது ‘ஸ்கிரீன் பின்னிங்’ என்று ஒரு வசதி உண்டு. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது என்றாலும் அதைப் பயன்படுத்தும் பெற்றோர் மிகக் குறைவு. செட்டிங்ஸுக்குள் செக்யூரிட்டி பகுதியில் இருக்கும். போன் நிறுவனத்தைப் பொறுத்து இடம் மாறும் என்பதால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘பின்னிங்’ என்று தேடுவது சுலபம். ஆன் செய்யும்போது, வெளியேறுவதற்கு முன் பின் நம்பர் கேட்கும் துணைத் தேர்வையும் சேர்த்து ஆன் செய்யுங்கள். பிறகு பிள்ளைக்கு வேண்டிய ஆப்பைத் திறந்து, அண்மையில் திறந்த ஆப்களின் வரிசைக்குப் போய், அந்த ஆப்பின் சின்னத்தைத் தொட்டுப் பின் செய்துவிட்டுக் கொடுத்தால், பிள்ளை அந்த ஒரு ஆப்புக்குள் மட்டும்தான் இருக்க முடியும். அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கோ ஜிபேவுக்கோ தாவ முடியாது. ஐபோனில் இதே வேலையைச் செய்வது ‘கைடட் ஆக்சஸ்’. ஆக்சஸிபிலிட்டி பகுதியில் ஒருமுறை ஆன் செய்துவிட்டால், பிறகு பக்கவாட்டுப் பட்டனை மூன்று தடவை அழுத்தினால் போதும்.

சாம்சங்கில் ‘சாம்சங் கிட்ஸ்’ என்று குழந்தைகளுக்கான தனிப் பகுதியே இருக்கிறது. ரெட்மி போன்களில் பலவற்றில் ‘செகண்ட் ஸ்பேஸ்’ உண்டு. ஒரே போனுக்குள் இன்னொரு போன் இருப்பதுபோல, வேறு பின் நம்பரோடு திறக்கும். நேரம் கிடைத்தால் அமைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் கைகொடுக்கப்போவது பின்னிங்தான்.

இதெல்லாம் நிற்பது ஒரே ஓர் அடித்தளத்தில்: போனின் பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. உங்கள் பிள்ளைக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்தால் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். போனைப் பூட்டி மேசையில் வைத்துவிட்டு, “அம்மா போனைத் திறந்து குடேன்” என்று சாதாரணமாகக் கேளுங்கள். விரல் போகும் இடத்தைப் பார்த்தே நான்கு எண்களை மனப்பாடம் செய்துவிடும் வயது அது. தெரிந்திருந்தால் திட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். யுபிஐ பின்னும் போன் பின்னும் ஒரே எண்ணாக இருப்பது நம் வீடுகளில் சகஜம், அதையும் பிரித்துவிடுங்கள்.

யுபிஐ லைட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 1,000 ரூபாய்வரையிலான பணம் பின் கேட்காமலே போகும்; மொத்தம் 5,000 ரூபாய்வரை அதில் வைத்திருக்கலாம். டீக்கடையில் வசதியாகத்தான் இருக்கிறது. பிள்ளை கையாளும் போனில் அது வேண்டுமா என்று யோசியுங்கள். வைத்திருந்தே ஆக வேண்டும் என்றால் இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு மேல் நிரப்பாதீர்கள்.

யூடியூப்

எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் யூடியூபில் தேடும். மைக் படத்தை அழுத்தி, “பேய் கார்ட்டூன்” என்று சொல்லும். வந்து விழும் வரிசை அம்மாவின் கணக்குக்கு ஏற்ப வந்து விழும். கொலை வழக்குச் செய்திகளை இரவில் ஷார்ட்ஸில் பார்க்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், காலையில் பிள்ளை அதே ஷார்ட்ஸைத் திறக்கும்போது நடுநடுவே அதுதான் வரும். இதில் குற்றவாளி என்று யாரும் இல்லை. ஒரே கணக்கை இரண்டு வயதினர் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

யூடியூப் விதிப்படி 13 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர்களின் துணையில்லாமல் கணக்கு வைத்திருக்க முடியாது. இந்த வயதுக்கு ஏற்றது ‘யூடியூப் கிட்ஸ்’ என்ற தனி ஆப். உங்கள் போனிலேயே நிறுவி, பிள்ளையின் பெயரில் ஒரு புரொஃபைல் உருவாக்கலாம். இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு. வயதைப் பொறுத்து என்ன காட்டுவது என்று அது கேட்கும். நான் பரிந்துரைப்பது அந்தப் பட்டியலில் கடைசியாக இருக்கும், பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் தேர்வை: ‘நானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன்’ என்பது. அதில் நீங்கள் அனுமதித்த சேனல்களும் வீடியோக்களும் மட்டுமே தெரியும், தேடலே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து பத்துச் சேனல்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பல வாரங்கள் ஓடும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புவரை இது நன்றாகவே செல்லும். நான்காம் வகுப்பு வந்ததும் பிள்ளை முரண்டு பிடிக்கும். “இதெல்லாம் பாப்பா பாக்குறது” என்று சொல்லும். அப்போது தேடலோடு கூடிய 9–12 வயதுப் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சாதாரண யூடியூபிலேயே பார்க்க வேண்டிய கட்டாயம் வந்தால் செட்டிங்ஸில் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ ஆன் செய்யுங்கள். கமெண்டுகளும் மறைந்துவிடும்; அதுவே பாதி நிம்மதி.

கார்ட்டூன் படம் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். 2017-ல் ஒரு பெரிய சர்ச்சை எழுந்தது. குழந்தைகளுக்குப் பிரியமான கார்ட்டூன் பாத்திரங்களையே வைத்து வன்முறையும் ஆபாசமுமாக வீடியோக்கள் குவிந்து, அவற்றில் சில யூடியூப் கிட்ஸுக்குள்ளும் நுழைந்திருந்தன. யூடியூப் பல சேனல்களை நீக்கியது. வடிகட்டி எதுவும் நூறு சதவீதம் வேலை செய்யாது என்பதற்கு அது போதுமான சாட்சி. அதனால்தான் ஆப் ஒரு பக்கம் இருக்க, வீட்டில் இடம் ஒரு விதியாக இருக்க வேண்டும் என்கிறேன். ஹாலில் உட்கார்ந்து பார்க்கட்டும், சத்தம் வெளியே கேட்கட்டும், ஹெட்போன் வேண்டாம். சமையலறையில் இருந்தபடியே காதால் கண்காணிக்கும் திறமை நம் அம்மாக்களுக்கு உண்டு. சத்தம் திடீரென்று குறைந்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும். டிவியில் யூடியூப் வரும் வீடுகளில் டிவிதான் இன்னும் நல்லது. ஆனால் அந்த டிவியில் லாகின் ஆகியிருப்பது அப்பாவின் கணக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேலரியில் கிடக்கும் பூதம்

எந்தக் கையேட்டிலும் என் கண்ணில் படாத விஷயம் இது. நம் வீடுகளில் குழந்தைகள் அதிகம் பார்க்கும் ஆப்களில் கேலரியும் ஒன்று. தங்களுடைய பழைய படங்களையும் பிறந்தநாள் வீடியோவையும் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆசை அவர்களுக்கு. அதே கேலரியில்தான், குடும்பக் குழுவில் ஒரு மாமா அனுப்பிய விபத்து வீடியோவும் தானாக இறங்கிக் கிடக்கிறது. ‘எச்சரிக்கை, அனைவருக்கும் பகிரவும்’ என்ற தலைப்போடு வருபவைதான் பெரும்பாலும் மோசமானவை.

இதற்கு வேண்டியது இரண்டு மாற்றங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘சாட்ஸ்’ பகுதிக்குள் ‘மீடியா விசிபிலிட்டி’யை அணையுங்கள், இனி வருபவை கேலரியில் சேராது. ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதியில் தானாக டவுன்லோட் ஆவதையும் நிறுத்துங்கள். ஏற்கெனவே கிடப்பவற்றை ஒருநாள் உட்கார்ந்து அழிக்கத்தான் வேண்டும். மாமாவிடமும் பேசலாம். “அண்ணா, போன் பாப்பா கையில இருக்கும், இந்த மாதிரி வீடியோவ குரூப்ல போடாதீங்க” என்று நேராகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வாட்ஸ்அப்பில் இன்னும் ஒன்று: கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில், ஆப்பை நிறுவும் ‘ஏபிகே’ கோப்பு அனுப்பி போனையே கைப்பற்றும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. நாம் யோசிப்போம், குழந்தை எதையும் தொட்டுப் பார்க்கும். வாட்ஸ்அப்புக்குக் கைரேகைப் பூட்டு போட அதன் பிரைவசி பகுதியிலேயே வழி இருக்கிறது. வீட்டுப்பாடம் பார்க்க வேண்டியபோது நீங்கள் திறந்து காட்டினால் போதும்.

புரளிகளும் இந்த வழியில்தான் வருகின்றன. ‘மோமோ’ என்ற கோரமான பொம்மைப் படம் நினைவிருக்கும். வீடியோக்களின் நடுவே தோன்றிப் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்று உலகம் முழுக்கப் பரவியது. 2019-ல் பிரிட்டனின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புகளே அதைப் புரளி என்றன. தங்களுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று யூடியூபும் சொன்னது. அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பயமுறுத்தியவர்கள் பெற்றோரும் பள்ளிகளும்தான். அடுத்த ‘மோமோ’ உங்கள் குழுவுக்கு வரும்போது அதைப் பிள்ளையிடம் காட்டாதீர்கள். அப்படி ஒன்று உண்மையாகவே இருந்தாலும், ‘பயமாக ஏதாவது வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் வா’ என்ற பொதுவான பழக்கமே போதுமானது.

விளையாட்டு

சிறு பிள்ளைகளின் விளையாட்டு ஆப்களில் பல இணையமே இல்லாமல் ஓடக்கூடியவை: வண்ணம் தீட்டுவது, கார் ஓட்டுவது, பூனையைக் குளிப்பாட்டுவது. ஆனால் இணையம் இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் விளம்பரம் வரும். மூடுகிற பெருக்கல் குறி மூலையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். விரல் தவறி எங்கேயோ படும். இன்னொரு ஆப் இறங்க ஆரம்பிக்கும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கொடுங்கள். விளம்பரம் இல்லை, முகம் தெரியாதவர் இல்லை, பணம் போகவும் வழியில்லை. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கன்ட்ரோல்ஸ் என்று உள்ளே போனால், 3+, 7+, 12+ என்று வயது வரம்பு வைக்கலாம். வரம்புக்கு மேற்பட்டவை இனிமேல் இறங்காது. ஏற்கெனவே இறங்கியிருப்பவை அப்படியேதான் இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவற்றை நீங்களே நீக்க வேண்டும். அதே செட்டிங்ஸில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்கச் சொல்லும் தேர்வையும் ஆன் செய்யுங்கள். பிள்ளை தெரியாமல் எதையாவது வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதியில்லை. ஆனால் கேட்பவர்களுக்குப் பல நேரம் கிடைக்கிறது.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் நான்காம், ஐந்தாம் வகுப்பில் நுழைகின்றன, பெரும்பாலும் அண்ணன் அல்லது தெரு நண்பர்கள் வழியாக. அரசு 2020-ல் பப்ஜியையும் 2022-ல் ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தது. ஆனால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கிடைத்துக்கொண்டே இருந்தது. பப்ஜிக்குப் பதில் பிஜிஎம்ஐ வந்தது. தடையை நம்பி உட்கார முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். இவற்றில் வன்முறையைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது மைக். முகம் தெரியாத நான்கு பேர் ஒரே அணியில் பேசிக்கொண்டே விளையாடுவார்கள். பத்து வயதுக்குள் இது வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளை ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருந்து, நிறுத்தினால் வீடு ரெண்டாகும் என்றால், மைக்கும் சாட்டும் அணைந்திருக்கட்டும்; அணியில் தெரிந்த பிள்ளைகள் மட்டும் இருக்கட்டும். விளையாட்டுக்குள் செலவழிக்கும் ‘டைமண்ட் இலவசம்’ என்று கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும் பக்கங்கள் அத்தனையும் ஏமாற்று என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒன்றைத் திறந்து காட்டியே சொல்லலாம். இந்த வயதில் மோசடியைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டுதான்.

‘ஒரு அண்ணா பேசுறாரு’

“முன்பின் தெரியாதவங்களோட பேசாதே” என்ற நம் பழைய பாடம் இணையத்தில் வேலை செய்யாது. நாலு நாள் சேர்ந்து விளையாடியவர் பிள்ளைக்கு முன்பின் தெரியாதவர் இல்லை. விளையாட்டுப் பாத்திரத்துக்குப் புது உடை, அதாவது ‘ஸ்கின்’, வாங்கிக் கொடுத்த அண்ணா. தப்பான எண்ணத்தோடு வருபவர்கள் வரும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் பரிசு, பாராட்டு. பிறகு வயது, ஊர், வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்ற விசாரிப்பு. பிறகு ‘இங்க வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வா’ என்ற அழைப்பு. பிறகு ‘அம்மாகிட்ட சொல்லாத’. பிறகு படம்.

ஆளைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கச் சொல்வதைவிட, கேள்வியைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது குழந்தைக்குப் புரியும். பள்ளிப் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், பாஸ்வேர்டு, போட்டோ. இவற்றில் எதை யார் கேட்டாலும், அந்த அண்ணா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பதில் சொல்லாமல் அம்மாவிடம் வர வேண்டும். ‘சொல்லாதே’ என்று யார் சொன்னாலும் அதை முதலில் சொல்ல வேண்டும். ரகசியத்துக்கும் சர்ப்ரைஸுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே சொல்லிக் கொடுக்கலாம். சர்ப்ரைஸ் என்றால் பிறந்தநாள் அன்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எப்போதும் யாருக்கும் தெரியவே கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னால் அது சரியில்லை.

இதைப் பாடமாக உட்கார வைத்து நடத்த வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் இப்படிப் போகலாம்:

“இன்னைக்கு கேம்ல யாராச்சும் புதுசா வந்தாங்களாடா?”

“ம். ஒரு அண்ணா. என் ஸ்கூல் எதுன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“சொல்லிட்டேன்.”

“சரி. வந்து சொன்னல்ல, அதுவே நல்லது. இனிமே யாராச்சும் கேட்டா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லிடு. வா, அந்த அண்ணாவ பிளாக் பண்ணுவோம். நீயே பண்றியா?”

“ஏன் சொன்ன?” என்று கேட்க நாக்கு துடிக்கும். அந்த ஒரு கேள்வியை விழுங்கினால் அடுத்த முறையும் பிள்ளை வரும்.

வாட்ஸ்அப்பில் இப்போது மெட்டா ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரின் வட்டம் வேறு வந்திருக்கிறது. மைக்கில் பேசினால் பேசுகிறது என்பதால் குழந்தைகளுக்கு அது ஒரு தோழியாகிவிடுகிறது. கேள்வி கேட்கட்டும், கதை கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. வீட்டு விஷயங்களைச் சொல்ல வேண்டாம் என்ற விதி அதற்கும் பொருந்தும்.

ஸ்டிக்கர்

முகம் தெரியாதவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையை இரவில் அழவைப்பது பெரும்பாலும் அதே வகுப்புப் பிள்ளைதான். அம்மாக்களின் நம்பர்களிலேயே பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு குழு ஆரம்பித்திருப்பார்கள். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் தாங்களாக வாட்ஸ்அப் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற விதியை யாரும் நினைப்பதில்லை. அதில் ஒருவனின் ஆண்டு விழாப் படத்தை வெட்டி ஸ்டிக்கராக்கி, அதற்கு ஒரு பட்டப்பெயரும் போட்டுவிடுவார்கள். ஸ்டிக்கர் என்பதால் அது ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு நொடியில் போகும். ஒவ்வொருவர் போனிலும் சேமிக்கப்படும். பட்டவனுக்கு, வகுப்பு முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்கும். காலையில் வயிற்றுவலி என்பான், பள்ளிக்குப் போகமாட்டான்.

அடுத்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதுதான் நம் முதல் ஆசை. அப்படிச் செய்தால் சண்டை பெரியவர்களுடையதாகிவிடும். பிள்ளைகள் மறுநாளே சேர்ந்து விளையாட, அம்மாக்கள் ஆறு மாதம் பேசமாட்டார்கள். குழுவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். யார் பெயரையும் சொல்லாமல் வகுப்பு முழுவதற்கும் ஒருநாள் பேசச் சொன்னாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் தலைமையாசிரியர். அதற்கும் மேல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. உங்கள் பிள்ளைதான் ஸ்டிக்கர் செய்தது என்று தெரிந்தால் இன்னும் சங்கடம். அடித்தால் அடுத்ததை ஒளித்துச் செய்வான். அவனையே அந்தக் குழுவில் மன்னிப்புக் கேட்கவைத்து, எல்லாரையும் அழிக்கச் சொல்லவைத்து, குழுவை மூடச் செய்யுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு இது பெரிய தண்டனையே.

ஸ்டிக்கருக்கு மூலப்படம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் நம் ஸ்டேட்டஸிலிருந்துதான். சீருடையோடு, பள்ளிப் பெயர் தெரிய, ‘இன்று முதல் மூன்றாம் வகுப்பு’ என்று போடுகிறோம். காதணி விழாவுக்குத் தெருமுனையில் பிளெக்ஸ் வைக்கும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பிளெக்ஸைத் தெருவில் போகிறவர்கள்தான் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். குளிக்கும் படம், சட்டையில்லாத படம், பள்ளிப் பெயர் தெரியும் படம் இவற்றை எங்கேயும் போட வேண்டாம். மற்றவற்றுக்கு, மூன்றாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையிடம் “போடட்டுமா?” என்று கேளுங்கள். “வேணாம்” என்று சொன்னால் போடாதீர்கள். தன் படத்தைப் பற்றிச் சொன்ன சொல் மதிக்கப்பட்ட பிள்ளைக்கு, வேறொருவர் படம் கேட்கும்போதும் ‘வேணாம்’ என்று சொல்ல வாய் வரும்.

பாட்டி வீடு

கோடை விடுமுறையில் நீங்கள் போட்ட விதிகள் எல்லாம் பேருந்து ஏறியதும் காலாவதியாகிவிடும். பாட்டி போனில் பூட்டு இருக்காது, பேரன் கேட்டால் இல்லை என்று சொல்லவும் மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய போன் ஒன்று வீட்டில் கிடந்தால் சிம் போடாமல், வைஃபை இல்லாமல், நாலு படமும் சில விளையாட்டுகளும் ஏற்றிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். பாட்டியின் போனில் நீங்கள் போய் இறங்கும் அன்றே மீடியா விசிபிலிட்டியை அணைத்து, யூடியூபில் ரெஸ்ட்ரிக்டட் மோட் போட்டுவிட்டு வாருங்கள். அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஏதாவது நடந்துவிட்டால்

பணம் போயிருந்தால் 1930. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு அதிகம். ‘வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுவிட்டு’ என்று மாலைவரை காத்திருக்காதீர்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

யாராவது பிள்ளையிடம் ஆபாசமாகப் பேசியிருந்தால், படம் கேட்டிருந்தால், அனுப்பியிருந்தால், முதல் வேலை அந்த உரையாடலை அழிக்காமல் இருப்பது. அசிங்கம் என்று பதறி அழித்துவிடுகிறோம்; சாட்சியும் அதோடு போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்யும்போது, பிளாக் செய்து சாட்டையும் அழிக்கும் தேர்வு சேர்ந்தே வரும், அதை எடுத்துவிடுங்கள். எதிராளியின் எண், பெயர், ஐடி, நாள், நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். குழந்தையின் ஆபாசப் படம் எதுவும் இருந்தால் அதை நகலெடுக்காதீர்கள், கணவருக்கோ அக்காவுக்கோ அனுப்பாதீர்கள். ‘இந்தப் பாவியைப் பாருங்கள்’ என்று கோபத்தோடு பகிர்ந்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின் கீழ் அது குற்றமே. போனை அப்படியே போலீஸிடம் காட்டுங்கள்.

1098 குழந்தைகளுக்கான உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், பிள்ளையே கூப்பிடலாம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசு இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவு, பாலியல் நோக்கத்தோடு குழந்தையை இணையம் வழியாகத் தொடர்ந்து தொடர்புகொள்வதையே குற்றமாக வைத்திருக்கிறது. நேரில் ஒன்றும் நடக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். 19-வது பிரிவின்படி, இப்படி ஒன்று நடந்ததை அறிந்தவர் சொல்லியே ஆக வேண்டும். மூடி மறைக்கும் பள்ளியும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

“போலீஸ் ஸ்டேஷனுக்கு எப்படிப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போறது” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் புகாரை நிறுத்திவைக்கும் கேள்வி. போக்சோவின் 24-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தைக்கு வசதியான இடத்திலோ எடுக்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், சீருடையில் வரக்கூடாது. எக்காரணத்தாலும் குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ ஊடகம் வெளியிடுவதும் குற்றம். இவற்றை நீங்களே முதலில் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு வீட்டில் ஒரு பேச்சு வரும்: “இனிமே இந்தப் பக்கம் போனே கிடையாது.” பிள்ளையின் காதுக்கு அது, வந்து சொன்னதற்குக் கிடைத்த தண்டனையாகத்தான் விழும். தம்பி தங்கைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். எந்த ஆப்பை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, வழக்கமாக மாலை ஆறு மணிக்குக் கொடுக்கும் அரை மணி நேரத்தை மறுநாளும் ஆறு மணிக்கே கொடுங்கள்.